ஆள்காட்டி குடிமாறிய கோடை

நம் பத்தாம் வகுப்புக் குழுவில் போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். உங்களுக்குப் பிடித்த பறவை எது, கூண்டில் வளர்ப்பது வேண்டாம், வெளியில் பறப்பதைச் சொல்லுங்கள் என்று. ஆளாளுக்கு மயில் படம் போட்டீர்கள். மூன்று பேர் கிளி. ஒருத்தர் கழுகைப் போட்டு, கீழே பத்து வரி அறிவுரையும் போட்டார். நான் எப்போதும் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவள். அன்றைக்கு என்னவோ 'ஆள்காட்டி' என்று ஒரே ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டேன். உடனே ஒருத்தி கேட்டாள்: "எந்நேரமும் கத்திக்கிட்டே திரியுமே, அதுவா? அதுல என்னடி இருக்கு பிடிக்கிறதுக்கு?"

அதற்குக் கைப்பேசியில் தட்டிப் பதில் சொல்லி முடியாது. சத்துணவுக் கூடத்தில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். நாலைந்து மதியமாக ஒரு பழைய நோட்டில் எழுதியதுதான் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறு பறவைகளும் பிடிக்கும். மடையானையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரம் சேற்று நிறத்தில் குந்தியிருக்கும். மிதிக்கிற தூரம் போனாலும் தெரியாது. எழுந்து பறந்தால் வெள்ளை வெளேர் என்று வேறொரு பறவை. அத்தனை வெள்ளையையும் எங்கே மடித்து வைத்திருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நத்தைகுத்தி நாரைக்கு அலகு முழுசாக மூடாது, நடுவில் ஒரு சந்து இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து, பாவம், ஊனம் என்று நினைத்தேன். நத்தையைப் பிடிக்க அந்தச் சந்துதான் வசதி என்று பிறகு தெரிந்தது. கரிச்சான் மாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்து, மாடும் வயலும் தன்னுடையது போல நாலு பக்கமும் பார்க்கும்.

ஆனால் இவையெல்லாம் நான் பார்த்த பறவைகள். ஆள்காட்டி என்னைப் பார்த்த பறவை.

அது நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை. வாத்தியார் பெயர் வாசிக்கும்போது நான் சொல்கிற 'உள்ளேன் ஐயா' முன்வரிசைக்கே கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ஆப்சென்ட் ஆனவள் நான். வீட்டிலும் அப்படித்தான். அதனால் லீவு நாளில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். ஆட்டிடம் பேச வேண்டியதில்லை.

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, கடைமடை. திருவையாற்றில் ஆறு கரை தொட்டு ஓடினாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கு ஆகும். வைகாசியில் வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும். என் கை முழங்கை வரை அந்த வெடிப்புக்குள் போகும், உள்ளே ஜில்லென்று இருக்கும். ஊருக்கு மேற்கே களத்துமேடு. அறுவடையில் நெல்லடிக்கிற இடம். கோடையில் அங்கே ஒரு வைக்கோல் போரும் ஓர் அடிபம்பும் வெயிலும் மட்டும்தான். மேட்டிலிருந்து சரிவாக இறங்கினால் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த வயல். இப்போது அந்த மேட்டில் நெல் கொள்முதலுக்கு சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். அடிபம்பு இருந்த இடத்தைக் கூட என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை.

ஒரு நாள் எங்கள் கிடா மேட்டின் நடுவே போனது. எங்கிருந்தோ ஒரு பறவை வந்து அதன் மூக்குக்கு நேராக இறங்கி, இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு நின்றது. ஒரு முழ உயரம் கூட இருக்காது. மஞ்சள் கால், கறுப்புக் கழுத்து, கண்ணுக்கு முன்னால் குங்குமம் அப்பின மாதிரி சிவப்புச் சதை. கிடா நின்றது, யோசித்தது. பிறகு அந்தப் பக்கம் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. ஊரில் யாருக்கும் அடங்காத கிடா அது.

நான் கிட்டப் போனேன். உடனே கூச்சல். புத்தகத்தில் ஆள்காட்டி என்று போட்டிருக்கிறது, எங்கள் ஊர் வாயில் ஆக்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிற பறவை. அது கத்துவது எனக்கு "யார்ரீ நீ? யார்ரீ நீ?" என்று கேட்டது. என்னை யாரும் அவ்வளவு சத்தமாக விசாரித்ததே கிடையாது.

கூடு என்று ஒன்றும் இல்லை. மண்ணில் காலால் பறித்த ஒரு சின்னக் குழி, சுற்றிலும் பொடிக் கல்லும் ஆட்டுப் புழுக்கையும். அதற்குள் நான்கு முட்டை. மண் நிறத்தில், மேலே கறுப்பு மசி தெளித்த மாதிரி. கூரான பக்கம் நான்கும் நடுவில் ஒன்றுசேர்ந்து, நாலு பேர் தலையைச் சேர்த்து ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தன. கண்ணை ஒரு தடவை எடுத்துவிட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதற்குப் பிறகு தினமும் வைக்கோல் போரின் நிழல்தான். முதுகெல்லாம் அரிக்கும், ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். ஆணும் பெண்ணும் முறை மாற்றி அடைகாத்தன. எது ஆண் எது பெண் என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. அடைக்குத் திரும்பி வரும்போது நேராக வராது. நாலு இடத்தில் பொய்யாக உட்கார்ந்து எழுந்து, நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டே வரும். உச்சி வெயிலில் அடிபம்புக்குக் கீழே தேங்கின தண்ணீரில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையின் மேல் உட்காரும். முதலில் குளிக்கிறது என்று நினைத்தேன். நாலு தடவை பார்த்த பிறகுதான் புரிந்தது. எங்கள் வயலில் அன்றைக்கு ஒரு சொட்டு ஈரம் இல்லை, அது தன் பிள்ளைகளுக்கு வயிற்றில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். சாலை போடுகிற மேஸ்திரி வந்து களத்துமேட்டில் சுண்ணாம்புத் தூளால் பெரிய கட்டம் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கட்டத்துக்குள் லாரி லாரியாகக் கப்பிக்கல் கொட்டப் போகிறார்களாம். ஒரு மூலையில் முதல் லோடு அன்றைக்கே வந்து விழுந்தது. முட்டைகள் கட்டத்துக்கு உள்ளே இருந்தன.

யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் சித்தப்பா காதுக்குப் போகும். சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தார். கோரைக்குள் கானாங்கோழி முட்டை எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, மடியில் கட்டிக்கொண்டு வந்து வறுத்துத் தின்கிற மனிதர். அதனால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டிலிருந்து ஒரு பெரிய கொட்டாங்கச்சி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா உப்பு போட்டு வைத்திருந்தது, ஓரம் வழவழப்பாகத் தேய்ந்தது. முதல் நாள் ஐந்து அடி தூரத்தில் ஒரு குழி பறித்து, அதே பொடிக் கல்லையும் புழுக்கையையும் சுற்றிப் போட்டு, நான்கு முட்டையையும் கொட்டாங்கச்சியில் எடுத்து வைத்தேன். அதே மாதிரி கூரான பக்கம் உள்ளே. பறவைகள் இரண்டும் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. பிறகு போருக்குப் பின்னால் போய் மூச்சு விடாமல் உட்கார்ந்தேன். அது பழைய குழிக்கு வந்தது. குனிந்து பார்த்தது. நிமிர்ந்து என் பக்கம் பார்த்தது. அந்தப் பார்வைக்கு நான் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் சும்மா நடப்பதுபோல நடந்து, புதுக் குழிக்குப் போய், வயிற்று இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையும் மாலையும் ஐந்தைந்து அடி, அது பழகிய பிறகு நாளைக்கு நாலைந்து தடவை. கட்டத்தைத் தாண்டியும் நான் நிறுத்தவில்லை. லாரிக்காரர்கள் நடமாட்டம், நாய்கள், என் ஆடுகள் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. சரிவில் இறக்கி இறக்கி, எட்டாம் நாள் எங்கள் வயலின் பள்ளத்து மூலையில் கொண்டுபோய் வைத்தேன். தண்ணீர் வருகிற வரைக்கும் அங்கே யார் கால் வைக்கப்போகிறார்கள் என்பது என் கணக்கு. யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள், அது பொறுத்துக்கொண்டது எங்கள் இரண்டு பேருடைய அதிர்ஷ்டம்.

இரண்டு நாள் கழித்து நீராணிக்காரர் அந்தப் பக்கம் வந்தார். ஊர் வாய்க்காலின் மடையைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர். தோளில் மண்வெட்டி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஆக்காட்டி எங்கே முட்டை வைத்திருக்கிறது என்று பார்த்து அந்த வருஷத்துத் தண்ணீரைச் சொல்வார். மேட்டில் வைத்தால் வெள்ளம். வரப்பில் வைத்தால் அளவான மழை. பள்ளத்தில் வைத்தால் தண்ணீர் வராது என்று பறவைக்கே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஊரில் பாதிப்பேர் அதைக் கேட்டுத்தான் விதை நனைப்பார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். "தம்பி, உன் வயலு பள்ளத்துல வச்சிருக்கு. நானும் ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டேன். நாலு முட்டை. அடி மூலையில. இப்படி நான் பாத்ததே இல்ல."

குறுவைக்கு விதைநெல் மூட்டை தயாராக உள்ளே இருந்தது. பக்கத்து வயல்காரர் தன் மோட்டாரில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் தருவதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் உழுவதாக இருந்தது. "உழவேண்டாம்" என்றார் அப்பா.

அம்மா விடவில்லை. "ஏங்க, ரேடியோவுல மேட்டூர்ல தண்ணி ஏறுதுன்னு தினம் சொல்றான். பக்கத்து வயல்ல உழுதாச்சு."

"ரேடியோ மேட்டூர்ல என்ன நடக்குதுன்னு சொல்றான். ஆக்காட்டி நம்ம வயல்ல என்ன நடக்கப்போகுதுன்னு சொல்லுது."

"அது சொல்லும். அதுக்கு என்ன, நாலு முட்டை. எனக்கும் சோறு கேக்குற வாய் நாலு."

"சரி அண்ணி, நான் வேணா போயி அந்த நாலையும் ஆம்லெட் போட்டுட்டு வந்துடுறேன். ஜோசியக்காரனே இல்லேன்னா ஜோசியம் ஏது?" என்றார் சித்தப்பா.

"தொட்டுடாதே" என்றார் அப்பா. அந்த அளவில் என் முட்டைகள் தப்பித்தன. ஆனால் என்னால்தான் எங்கள் வயல் உழாமல் கிடக்கிறது என்பதும் அப்போது எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா பள்ளத்து மூலையில் ஏர் கட்டுவார், முட்டைகள் போய்விடும். சொல்லாவிட்டால் முட்டைகள் பொரியும், எங்களுக்குக் குறுவை போய்விடும். பத்து வயதில் இதை யாரிடம் கேட்பது? போருக்குப் பின்னால் உட்கார்ந்து, அது வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிபம்பு இப்போது தூரமாகிவிட்டதால் அது முன்னைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருந்தது. அதுவும் என்னால்தான்.

நாலு நாள் போனது. சுற்றிலும் வயல்களில் பச்சையாக நாற்றங்கால் வாசம் எழ ஆரம்பித்தது. எங்கள் வயல் மட்டும் சொறி பிடித்த மாதிரி கிடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் எழுந்து வந்தால், கொல்லையில் நெல் அவிக்கிற அண்டா அடுப்பில் இருந்தது. அப்பா விதைநெல் மூட்டையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். விதைக்கப் போவதில்லை என்றான பிறகு வைத்திருந்து எலிக்குக் கொடுப்பானேன், அவித்து அரைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். அம்மா அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவித்த நெல் முளைக்காது. அது நம் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

அப்பா மூட்டையின் வாயை அவிழ்த்துத் தூக்கினார்.

நான் போய் மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பாப்பா? விடு, சுடுதண்ணி தெறிக்கும்."

ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னடி? வாயைத் திறந்து சொல்லு."

"நான்தாம்ப்பா. பள்ளத்துல அது வைக்கல. நான்தான் கொண்டாந்து வச்சேன்."

மூட்டை பாதித் தூக்கில் நின்றது. பல் விளக்கிக்கொண்டிருந்த சித்தப்பா வாயில் வேப்பங்குச்சியோடு வந்து நின்றார். கொட்டாங்கச்சி, ஐந்து ஐந்து அடி, சுண்ணாம்புக் கட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அதுவரை சேர்த்துப் பேசினதைவிட அன்றைக்கு அதிகம் பேசியிருப்பேன்.

சித்தப்பா குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "புளுகுறா அண்ணே. மனுசக் கை பட்டா ஆக்காட்டி அந்த முட்டையைத் திரும்பிக்கூடப் பாக்காது. யாரை வேணாலும் கேளு."

அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா, விதைநெல்லு போகுதேன்னு இப்படிச் சொல்றியா? அம்மா சொல்லிக்குடுத்தாளா?"

அம்மா எரிகிற விறகை அடுப்பிலிருந்து இழுத்து வெளியே போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். புகை எல்லோர் கண்ணிலும் ஏறியது. "நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. போயிப் பாத்துட்டு வாங்க. வந்தப்புறம் அடுப்பை மூட்டிக்கிறேன்."

போனோம். வழியில் நீராணிக்காரரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. மூன்று பெரிய மனிதர்களும் வாய்க்கால் கரைப் பூவரசுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். நான் கொட்டாங்கச்சியோடு தனியாக வயலில் இறங்கினேன். பறவைகள் எப்போதும் போலக் கூச்சல் போட்டன. ஐந்து அடி மேலே குழி பறித்தேன், கல் போட்டேன், முட்டையை எடுத்து வைத்தேன், திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் குந்தினேன். இத்தனை நாள் வந்தது, இன்றைக்கு வராவிட்டால்?

"வராது" என்றார் சித்தப்பா.

"சும்மா இருடா" என்றார் அப்பா.

அது பழைய குழிக்குப் போனது. குனிந்து பார்த்தது. நிமிர்ந்தது. நாலு அடி அந்தப் பக்கம் போய் எதையோ கொத்தியது. இரண்டு இடத்தில் பொய்யாக உட்கார்ந்தது.

"வெறும் மண்ணையே முட்டைன்னு உக்காருது பாரு, குழம்பிப்போச்சு" என்றார் சித்தப்பா.

"அது நம்மளை ஏமாத்துது சித்தப்பா" என்றேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள் அது புதுக் குழிக்கு வந்து, ஒவ்வொரு முட்டையாக அலகால் திருப்பி, வயிற்று இறகைச் சிலிர்த்து உட்கார்ந்துவிட்டது.

நீராணிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருசமா இதைப் பாத்துத்தான் நான் ஊருக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்" என்றார். அவர் யாரையும் ஏமாற்றியவர் இல்லை. அவர் பார்த்ததைச் சொன்னார், அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் கொட்டாங்கச்சியோடு குறுக்கே வந்ததில்லை. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இந்தா பாப்பா, முதமுதல்ல எங்க வச்சிருந்துச்சு?"

"களத்துமேட்டுல."

"மேட்டுலயா? அப்ப வெள்ளம்!"

சித்தப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். "போன வாரம் பஞ்சம், இந்த வாரம் வெள்ளம். அண்ணே, இனிமே மேட்டூரைத் திறக்கிறது நம்ம பாப்பாதான். அவ கொட்டாங்கச்சியை எங்க கவுக்குறாளோ அங்க தண்ணி." அப்பாவும் சிரித்தார். அந்தக் கோடையில் அவர் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது, அன்றைக்கு அப்பாவுக்கு இருந்த வயதைத் தாண்டிவிட்ட பிறகு, எனக்கு ஒன்று தோன்றுகிறது. முந்தின வருஷம் பாதியில் தண்ணீர் நின்று நாற்றெல்லாம் கருகிப்போயிருந்தது. வைக்கோலாகிவிட்ட நாற்றை அவர் கையால் பிடுங்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். மறுபடியும் விதைக்க அவருக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பறவை வந்து, வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருந்தது, அவர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் பேச முடியாமல் இருந்தது போலத்தான் அவரும் இருந்திருக்கிறார். இது அப்போது தெரிந்திருந்தால் அவரிடம் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சொன்னார், "ரெண்டு நாள் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள உன் ஆக்காட்டியை வரப்பு மேல ஏத்திடு. தண்ணி கட்டினா பள்ளம் முழுகும்." ஏற்றினேன். வரப்பு ஓரம் ஒரு புல்திட்டில் கடைசிக் குழி. முட்டையை இறக்கிவிட்டு எழுந்தபோது கொட்டாங்கச்சி கை தவறி மடைக் கல்லில் விழுந்து உடைந்தது. உப்புக்கு வேறு கொட்டாங்கச்சி தேய்க்கச் சொல்லி அம்மா கொஞ்சம் திட்டினாள்.

மூன்றாம் நாள் ஏர் கட்டினார்கள். மோட்டார் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும்போது வயல் முழுக்க குடிக்கிற சத்தம். பரம்படித்து, சேற்றைச் சமப்படுத்தி, விதையை ஊறவைத்து, வைக்கோலால் மூடி முளைகட்டினார்கள். அந்த வருஷம் தண்ணீர் வெள்ளமாகவும் வரவில்லை, வராமலும் போகவில்லை. சுமாராக வந்தது. பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும் வைத்தால் பாதித் தண்ணீர்தான் வரும் என்று நீராணிக்காரர் அதற்கும் ஒரு கணக்குச் சொன்னார். ஆனால் அது பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது விதைத்த அன்றைக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பாவும் நீராணிக்காரரும் நாற்றங்காலில் நின்றார்கள். நான் வரப்புக்குப் போய்ப் பார்த்தேன். குழி காலி. முட்டை இல்லை, ஓடு கூட இல்லை. பாம்பா, நாயா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் வரப்புக்கு அந்தப் பக்கம், நெல் அறுத்த அடித்தாள் நிற்கிற மேட்டுவயலில், மண்ணாங்கட்டி ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று. கோழிக்குஞ்சைவிடச் சின்னது. குச்சிக் கால், முதுகில் மசிப் புள்ளி, கழுத்தில் ஒரு வெள்ளை வளையம். முட்டையை விட்டு வந்து ஒரு நாள் கூட ஆகியிருக்காது, அதற்குள் ஓட்டம்.

அதே மேட்டுவயலின் நடுவில் அப்பா வந்துகொண்டிருந்தார். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் முளைகட்டின விதை மூட்டை. ஈரம் சொட்டி அவர் முதுகெல்லாம் நனைந்திருந்தது. பறவைகள் இரண்டும் அவர் மேல் பாய்ந்தன. அவை போட்ட ஒரு கூச்சலில் குஞ்சுகள் நின்ற இடத்திலேயே அப்படியே படுத்துவிட்டன. அவ்வளவுதான், குஞ்சு இல்லை, வயலில் மண்ணாங்கட்டி மட்டும்தான்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தூக்கிய வலது காலைக் கீழே வைக்கவில்லை. தலையில் மூட்டை இருப்பதால் குனிய முடியாது. மூட்டையை இறக்கவும் முடியாது, கீழே போட்டால் முளை நசுங்கும், போடுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஒற்றைக் காலில் நாரை மாதிரி நின்றுவிட்டார்.

"அண்ணே, என்ன வேண்டுதலா?" என்று சித்தப்பா நாற்றங்காலிலிருந்து கத்தினார்.

"சும்மா இருடா! பாப்பா... பாப்பா! எங்க கால் வைக்கிறது? சொல்லு!"

எனக்கும் அவருக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். பறவைகளின் சத்தத்தில் என் குரல் அவருக்கு எப்படிக் கேட்கும்? வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அப்பாவின் கால் ஆட ஆரம்பித்தது. எனக்குக் குஞ்சுகள் தெரிந்தன. இத்தனை நாள் அந்த நிறத்தையே பார்த்த கண். அவர் இடது பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒன்று. முன்னால், தாளுக்கு அடியில் இரண்டு. நாலாவது இன்னும் கொஞ்சம் தள்ளி.

"வலதுகாலை வலது பக்கமா வைங்கப்பா!" என்று கத்தினேன்.

ஊருக்கே கேட்டிருக்கும். சித்தப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா வைத்தார்.

"இன்னும் ஒரு அடி! நேரா வேண்டாம், வலது பக்கமாவே! ஆங்... நில்லுங்க, நில்லுங்க! இடது காலைத் தூக்கித் தாண்டி வைங்க, பெரிசா! பெரிசாப்பா!"

பறவைகள் கத்தின, நானும் கத்தினேன். அப்பா நான் சொன்ன இடத்தில் மட்டும் பாதத்தை வைத்து, ஓர் அடிக்கு ஓர் அடி நின்று, மேட்டுவயலைக் கடந்து நாற்றங்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். மூட்டையைச் சித்தப்பா தோளுக்கு மாற்றிவிட்டு, முகத்தைக் கூடத் துடைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனைடி?"

குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து ஓட ஆரம்பித்திருந்தன. இரண்டு தடவை எண்ணினேன்.

"நாலுப்பா! நாலும் இருக்கு!"